வதன்

அரபி மொழியில் ‘வதன்’ என்பது நாமனைவரும் அறிந்த சொல். தாய்நாடு என்று பொருள் கூறி அதனைக் கடந்து விடுகிறோம். பழைய அரபி அகராதிகளைப் புரட்டினால், மனிதன் தங்கி வாழும் இடத்தைக் குறிக்கும் அச்சொல், ஆடுமாடுகள் சென்று அடையும் இடத்திற்கும் வழங்கியதைக் காணலாம். இதனை மாணவர்களுக்கு விளக்கிக் கொண்டிருந்த ஒருநாள், சிறுவனொருவன் எழுந்து, “ஹஜ்ரத், பறவைக்கும் வதன் உண்டா? அது எங்கு வேண்டுமானாலும் பறந்து போகலாமே!” என்று வினவினான்.

விடையைக் கண்ணால் காணட்டும் என்று மாணவர்களைப் பள்ளிக்கரணைக்கு அழைத்துச் சென்றேன். தாம்பரத்தை அடுத்த சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஏரிக்கு ஏரி வழிந்து இறுதியில் சென்று தங்கும் சதுப்பு நிலம் அது. 1960களில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததென்பர். சாலைகளும் கட்டடங்களும் பெருங்குடிக் குப்பைமேடும் விழுங்கியவை போக எஞ்சியதில், ஏறத்தாழ 1,248 ஹெக்டேர், ஈரான் நாட்டு ராம்சர் நகரில் 1971இல் உருவான உடன்படிக்கையின்கீழ் 2022இல் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

குப்பைமேட்டின் பக்கம் காகங்களும் பருந்துகளும் உண்ணிக்கொக்குகளும் திரண்டிருந்தன. “பறவைகளுக்குக் குறைவே இல்லையே!” என்றனர் மாணவர்கள். நம் கண் ஏமாறும் இடம் இதுதான். எதையும் தின்று எங்கும் தங்கவல்ல உயிர்கள், நிலம் கெட்டாலும் பெருகக்கூடும். ஒன்றையே நம்பி வாழ்பவை அவ்வாறல்ல.

சற்றுத் தொலைவில் நீளவால் இலைக்கோழி ஒன்று நீர்மேல் நடந்து கொண்டிருந்தது. மிதக்கும் இலைகளில் அமிழாமல் நடக்கவே அதற்கு அத்தனை நீண்ட விரல்கள். மிதக்கும் இலைகளின்மேல் பெட்டை முட்டையிட்டு அகலும். சேவல்தான் அடைகாத்துக் குஞ்சுகளைப் பேணும். வெள்ளம் திடீரென ஏறினால் முட்டைகள் மூழ்கும். நீர் வற்றினாலோ நாய்கள் நடந்தே வந்து கவரும். நீர் தங்கும் இடத்தைத் தூர்த்துவிட்டால், அச்சேவல் முட்டைகளைக் காக்கும் வகையேது?

“வேறு ஏரிக்குப் போகாதா, ஹஜ்ரத்?” என்றான் முதலில் வினவிய சிறுவன்.

எந்த ஏரியைச் சொல்வேன்? என் வீடே ஓர் ஏரியின் உபரிநீர் ஓடிய வழியில் நிற்பது. இருபது ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்து அம்மனையை வாங்கியபோது, விற்றவர் அதைச் சொல்லவில்லை; விலை மலிவென்று மகிழ்ந்த நானும் கேட்கவில்லை. 2015 டிசம்பர் மழையில் நள்ளிரவில் வெள்ளம் உள்ளே புகுந்தது. முதிய அன்னையைத் தோளில் சுமந்து மாடியேறினேன். என் ஆசிரியர்கள் அளித்த கிதாபுகள் பல ஊறிப் பாழாயின. அன்று மழையை நொந்து கொண்டேனேயன்றி, அங்கே முன்பு வாழ்ந்திருந்தவை எவையென்று எண்ணிப் பார்த்தேனில்லை.

சதுப்பின் கரையில் நின்று இதனை மாணவர்களிடம் மறையாது சொன்னேன். யாரும் பேசவில்லை. திரும்பும் வழியில் அச்சிறுவன் மெல்ல, “அப்படியானால் அது யாருடைய வதன், ஹஜ்ரத்?” என்றான்.

அரபியும் தமிழும் முப்பது ஆண்டுகளாகக் கற்பிக்கும் எனக்கு, அதற்கு விடை சொல்ல நா எழவில்லை. இப்பொழுதெல்லாம் அச்சொல்லைப் பாடம் நடத்தும்போது, அகராதிப் பொருளுக்கு முன்பாக என் வீட்டின் கதையையே சொல்கிறேன்.