எதிர்த்தரப்பு பாராட்டிய வீடு

தொண்ணூறுகளில் நான் நடத்திய பாகப்பிரிவினை வழக்கு இது. வீடு செட்டிநாட்டுப் புதுவயலில். வாதி ஒரு பழம்பொருள் வியாபாரி. பங்காளி ஒருவரிடம் கால் பங்கைக் கிரயம் வாங்கிவிட்டு, பாகம் பிரித்துத் தரச் சொல்லி வந்திருந்தார். முகப்பும் பட்டாலையும் முற்றத்தைச் சுற்றிய வளவுமாக ஒரே கட்டடமாக நிற்கிற வீட்டை எப்படிப் பிரிப்பது? பிரியாவிட்டால் ஏலம், ஏலத்தில் எடுத்தால் தூணும் நிலையும் லாரி ஏறிவிடும். அவர் கணக்கு அது. நான் மற்றப் பங்காளிகளுக்கு ஆஜரானேன்.

யாருக்கு எவ்வளவு என்று தேடுவதே முதல் வேலை. நத்தத்தில் குடும்ப முன்னோர் ஒருவர் கட்டினார், நாலு பிள்ளைகள் ஆண்டார்கள். மூலப்பத்திரம் கிடையாது. இந்தக் கிரயத்துக்கு முன் யாரும் எதையும் பதியாததால் வில்லங்கச் சான்றிலும் வேறொன்றும் வரவில்லை. வீட்டுவரி ரசீது இன்னமும் வீட்டைக் கட்டியவர் பெயரில், அவர் தலைப்பெழுத்து விலாசத்தோடு வந்துகொண்டிருந்தது. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த குடும்பம். 1942-ல் ஜப்பான் படை அங்கே நுழைந்ததோடு வரும்படி நின்றது. நகரத்தார் வழக்கில் புள்ளி என்றால் ஒரு தம்பதியின் குடும்பம்; அந்தப் புள்ளிகள் சென்னை, மலேசியா என்று பிரிந்து போனார்கள். வளவில் அவரவருக்கு உள்ள இரட்டை வீடு என்ற அறைகளுக்கு அவரவர் பூட்டு.

தன் அப்பாவின் அண்ணனான பெரியப்பச்சிக்கு வாரிசு இல்லை, அதனால் அந்த நாலு பிள்ளைகளில் ஒருவரான தன் ஐயா வழிக் கால் பங்கு முழுதும் தனக்கே என்று சொல்லித்தான் அந்தப் பங்காளி விற்றிருந்தார். வளவில் உட்கார்ந்து வம்சாவளியை வாசித்தபோது, வயதான ஆச்சி ஒருவர் குறுக்கிட்டார்.

"என்ன தம்பி இது? அவுகதான் பிள்ளை கூட்டிக்கிட்டாகளே! கல்யாணம்கூட இந்த வளவுலதானே நடந்துச்சு."

பெரியப்பச்சி தத்து எடுத்தார் என்ற ஆச்சியின் ஞாபகத்துக்குக் காகிதத் துணை வேண்டும். இரும்புப் பெட்டியில், 1951-ம் வருஷத்து மொய்ப்பண ஏட்டுக்குள் கிடைத்தது இசைபிடிமானம். நகரத்தார் கல்யாணத்தில் இன்ன கோயிலைச் சேர்ந்த இன்னார் மகனுக்கு இன்னார் மகளை என்று எழுதி, இரு வீட்டாரும் கையெழுத்திடுகிற தாள். மடிப்பு கிழிந்து, மை பழுப்பேறியிருந்தது. மாப்பிள்ளைக்குத் தகப்பனார் என்ற இடத்தில் பெரியப்பச்சியின் பெயர் இருந்தது. முப்பது வருஷம் கடந்த ஆவணம் இருக்க வேண்டியவர் வசமிருந்து வந்தால், கையெழுத்தை மெய்யென்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 90-வது பிரிவு அது. விற்றவருக்குப் பாதிதான் பாத்தியம் என்றாகி, வியாபாரி வாங்கிய கால் பங்கு அரைக்காலானது.

மிச்சத்துக்கு 1893-ம் வருஷப் பாகப்பிரிவினைச் சட்டம், 4-வது பிரிவு. பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியார் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், நீதிமன்றம் போடும் விலைக்கு அந்தப் பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ளலாம். பூட்டிக் கிடப்பது குடியிருப்பா என்று எதிர்த்தரப்பு கேட்டது. முன்னோருக்குப் படைப்பு போடுவது இங்கே, கல்யாணம் செய்வது இங்கே. திரும்பி வரும் எண்ணத்தைக் கைவிடாதவரை தினமும் குடியிருக்கத் தேவையில்லை என்று பழைய தீர்ப்புகளைக் காட்டினோம். நீதிபதி ஏற்றார்.

விலை போடும்போதுதான் வேடிக்கை. நீதிமன்ற ஆணையர் வந்த அன்று வியாபாரியின் வக்கீல் தூண் தூணாகத் தடவிக்காட்டினார். பர்மா தேக்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு, ஆத்தங்குடிக் கல், நிலைக்கு மேல் கஜலட்சுமி. அவ்வளவு ரசனையோடு அந்த வீட்டைப் பற்றி வேறு யாரும் பேசிக் கேட்டதில்லை. நானோ கரையானையும், ஓட்டு ஒழுக்கலையும், அரிசி ஆலை உமிச்சாம்பல் அடைத்த தண்ணீர்த் தூம்பையும் காட்டிக்கொண்டிருந்தேன். விலை குறைந்தால்தானே என் கட்சிக்காரர்கள் வாங்க முடியும்! ஆச்சி ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பாரம்பரியக் கட்டடம் என்று பதிலுரையில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். தீர்ப்பு அதைத் தொடவே இல்லை. தொடுவதற்குச் சட்டம் எங்கே? தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றியதே 2012-ல். யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றது 2014-ல். அந்தப் பட்டியலும் ஒரு புள்ளி தன் பங்கை விற்பதைத் தடுக்காது.

மூன்று புள்ளிகள் சேர்ந்து பணம் கட்டிக் கிரயம் முடித்தார்கள். மற்றவர்கள் பிறகு தருவதாகச் சொன்னார்கள்; சிலர் தந்தார்கள். ரெண்டு வருஷம் கழித்து இரண்டாம் கட்டில் ஒரு தூண் கரையானில் போயிற்று. பொருத்தமான பழைய தூணுக்கு அலைந்து, கடைசியில் காரைக்குடியில் அதே வியாபாரியின் கடையில்தான் வாங்கினார்கள். விலையில் அவர் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.