கம்பி போகும் வழி

புகளூரில் தொடங்கி, திருச்சூரை அடுத்த மாடக்கத்தறையில் முடிகிறது ஒரு மின்வழி. நீளம் ஏறத்தாழ 165 கி.மீ. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 800 கிலோவோல்ட் அழுத்தத்தில் சுமார் 1,765 கி.மீ. கடந்து வரும் நேர்மின்சாரம் புகளூரில் மாறுமின்சாரமாகிறது. அதில் ஒரு பங்கு மறுபடி 320 கிலோவோல்ட் நேர்மின்சாரமாகி இந்த வழியில் கேரளத்துக்குப் போகிறது. 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்ட இந்த வழி 2,000 மெகாவாட் தாங்கும். இப்படி ஒரு வழியைத் தொடர்ந்து நடப்பது பொழுதுபோக்காகவும் இருக்கலாம். பிரிட்டனில் மின்கோபுரங்களைத் தேடிப்போய்ப் படமெடுப்பவர்களுக்கு ஒரு ரசிகர் சங்கமே உண்டு. நம்மூரில் ஒருவர் காமிராவும் கையுமாக டவர் லைனைத் தொடர்ந்து நடந்தால் வேலையற்றவர் என்பார்கள். இல்லாவிட்டால் சர்வேக்கு வந்த ஆள் என்று நினைத்து விரட்டுவார்கள். அந்த இரண்டாவது சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். என் கட்சி இதுதான்: ஒரு மின்வழியை முழுக்க நடந்து கோபுரம் கோபுரமாகப் படமெடுப்பவருக்கு, அந்த வழியின் சுமை யார் தலையில் எவ்வளவு விழுந்தது என்பது புரிந்துவிடும். வரைபடத்தில் அது கிடைக்காது.

பொறியாளருக்குப் பிடித்தது நேர்கோடு. நேராகப் போகும்போது கம்பியின் இழுவை இருபுறமும் சமம். கோபுரம் எடையைத் தாங்கி, காற்றுக்கு நின்றால் போதும். திரும்பும் இடத்தில், கோபுரத்தை உட்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும் இழுவையும் சேர்ந்துகொள்கிறது. அதனால் அங்கே இரும்பு கூடும், அடித்தளம் பெருக்கும், செலவும் ஏறும். இந்தியாவில் கோபுரங்களை ஏ, பி, சி, டி என்று பிரிப்பதே திருப்பத்தை வைத்துத்தான்: வழக்கமாக 2 பாகை வரை ஏ, 15 வரை பி, 30 வரை சி, 60 வரை டி. தூரத்திலிருந்தே இதைக் கண்டுகொள்ளலாம். நேரோட்டத்தில் இன்சுலேட்டர் சரம் கோபுரக் கையிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும். திருப்பத்தில் கம்பியோடு கம்பியாகக் கிடையாக நீளும். (பாதுகாப்புக்காக நேரோட்டத்திலும் இடையிடையே அப்படி ஒன்றை நிறுத்துவார்கள், அவற்றைக் கழித்துவிடலாம்.) கிடைச்சரம் கண்ட இடத்தில் நின்று, வழி ஏன் இங்கே திரும்பியது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் பதில் கண்ணெதிரே இருக்கும்: ஒரு குளம், ஓர் ஊர், ஓர் ஆலை, குறுக்கே போகும் இன்னொரு லைன். சில இடங்களில் எதுவும் இருக்காது. அங்கே ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடுத்த டீக்கடையில் விசாரிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் சுவை. டீக்கடைப் பதில் அத்தனையும் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. ஊர் அதை எப்படிச் சொல்லிக்கொள்கிறது என்பதும் ஒரு சான்றுதான்.

இதையெல்லாம் செயற்கைக்கோள் படத்திலேயே பார்க்கலாமே என்பார்கள். கோபுரம் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம், உண்மை. அதன் நான்கு கால்களும் வரப்போரம் ஒதுங்கி நிற்கின்றனவா, கிணற்றுக்கும் தொட்டிக்கும் நடுவே நின்று டிராக்டரைச் சுற்றிப்போக வைக்கின்றனவா என்பது தரையில்தான் தெரியும். இரு கோபுரங்களுக்கு நடுவில், வெயிலேற ஏற, கம்பி எவ்வளவு தாழ்கிறது என்பதும் அப்படியே. திருப்பூர், கோவை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளில் இது இன்னும் துலக்கம். கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது. சோளம், கடலை என்று குட்டைப் பயிரோடு நிற்க வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவு பெரிதாகும் என்பதை அரசு அளவுகளே சொல்கின்றன: 400 கிலோவோல்ட் வழிக்கு 46 மீட்டர், 800 கிலோவோல்ட் நேர்மின் வழிக்கு 69 மீட்டர் அகலம்.

இந்த நிலத்தை யாரும் கையகப்படுத்துவதில்லை என்பதுதான் விஷயத்தின் சூட்சுமம். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் கம்பி கொண்டுபோகும் உரிமையை மட்டும் தருகிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு வழியே அதே அதிகாரம் மின்தொடரமைப்பு நிறுவனங்களுக்குக் கிடைக்கிறது. பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும், விலைதான் போய்விடும். 2015-இல் மத்திய அரசின் வழிகாட்டுதல் கோபுரக் கால் பதியும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 விழுக்காடும், கம்பியின் கீழ் வரும் பட்டைக்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் இழப்பீடு என்றது. 2024-இல் அவை 200, 30 என உயர்ந்தன. ஆனால் பரப்பில் பெரிது பட்டைதான். 2018 டிசம்பரில் கொங்குப் பகுதி விவசாயிகள் மின்கோபுரங்களை எதிர்த்துப் பல ஊர்களில் காத்திருப்புப் போராட்டத்தில் உட்கார்ந்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சர்வேக்காரரைப் பார்த்தால் கோபம் வருவதும் அதனால்தான்.

அப்படிப்பட்ட நிலத்தில் ஒருவர் பொழுதுபோக்காக நடந்து படமெடுப்பது வெந்த புண்ணில் வேல் இல்லையா? அந்திச் செவ்வானத்தின் முன்னே கறுத்து நிற்கும் கோபுரம் என்ற காலண்டர் வகைப் படங்களைப் பற்றி இந்தக் கேள்வி வந்தால் எனக்கு மறுபேச்சில்லை. கால்களை வெட்டிவிட்டு வானத்தை மட்டும் எடுத்த படத்தில் மனிதர்கள் யாரும் இல்லை. கால் பதிந்த மண், அதில் நிற்கும் பயிர், கோபுரத்தின் எண் பலகை மூன்றும் சட்டகத்துக்குள் வந்தால் அதே படம் ஆவணமாகிவிடும். எண்கள் வரிசையாக இருப்பதால் ஒன்று விடுபட்டாலும் காட்டிக்கொடுக்கும். தோட்டக்காரரைக் கேட்டுவிட்டு உள்ளே போவதும், இரு முனைகளிலுமுள்ள நிலையங்களின் வேலிக்குள் காமிராவைத் திருப்பாமல் இருப்பதும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல.

மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயில் ரயில், நெடுஞ்சாலை, காற்று, மின்சாரம் எல்லாமே நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. பல லைன்கள் ஒன்றாகத் தெரியும் இடங்களில் நம்முடையதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு: மாறுமின்சாரக் கம்பிகள் மும்மூன்றாகப் போகும், நேர்மின்சாரக் கம்பிகள் இரட்டையாக. கணவாயைக் கடந்து வடக்கஞ்சேரி வந்ததும் கோபுரங்கள் நின்றுவிடுகின்றன. மிச்சமுள்ள ஏறத்தாழ 30 கி.மீ. தூரம் கேபிளாக மண்ணுக்குள், தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, குதிரான் வழியே மாடக்கத்தறை போகிறது. கேரளத்தில் சாலையோரம் புதைக்க முடிந்ததை எங்கள் காட்டில் ஏன் செய்யவில்லை என்பது கொங்கு விவசாயிகளின் கேள்வி. இதற்குத் தொழில்நுட்பத் தரப்பின் பதிலை லேசாக ஒதுக்க முடியாது. கேபிளுக்குச் செலவு பல மடங்கு; பழுது வந்தால் தோண்டித் தேட வேண்டும்; ராய்கரிலிருந்து வரும் 800 கிலோவோல்ட்டைப் புதைத்துக் கொண்டுவரத் தகுந்த நிலக்கேபிள் சந்தையில் இல்லை. கேரளப் பகுதியிலோ வீடுகள் இடைவிடாத வரிசை, கோபுரம் நிறுத்த இடமே கிடைக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பதில் 800 கிலோவோல்ட்டுக்கு முழுமையாகவும் 320-க்குப் பாதியளவுமே பொருந்தும். 320-ஐப் புதைக்க முடியும் என்பதற்கு வடக்கஞ்சேரிக்கு மேற்கே போகும் சாலையே சாட்சி. மாறுமின்சாரக் கேபிளை நீளத்தில் முடக்கும் மின்னேற்றத் தொல்லை நேர்மின்சாரத்துக்குக் கிடையாது. ஆக, கோபுரத்துக்கும் கேபிளுக்கும் இடையிலான எல்லை எங்கே விழுந்தது என்பதைத் தீர்மானித்ததில் இயற்பியலைவிடப் பணமும், யார் வீட்டை ஒட்டி வழி போகிறது என்பதும் கனமானவை.

இந்தக் கடைசிப் பகுதியை நடக்காமல் விட்டுவிடத்தான் யாருக்கும் தோன்றும். லாரிப் புகை, நெரிசல், படமெடுக்க ஒன்றுமே இல்லாத சாலையோரம். ஆனாலும் கோபுரங்களுக்கு எடுத்ததுபோலவே, அதே இடைவெளியில், வெறும் சாலையையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அடுத்த மின்வழிக்குச் சர்வே நடக்கும்போது, எத்தனை கி.மீ. புதைக்கலாம், அதற்கு யார் பணம் தருவது என்று பேச உட்காருபவர்களின் மேசையில் இரண்டு வரிசைப் படங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.