வாடை

அன்று வேனுக்குள் அடித்த வாடை என் வாயிலிருந்து வந்தது. ஓட்டிக்கொண்டு வந்த தம்பிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்த இரண்டு வரியைச் சொல்ல எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

2024 டிசம்பர், அரையாண்டு லீவு. வடக்கனந்தலிலும் கச்சிராயபாளையத்திலுமாகச் சேர்ந்த 24 பேர். பாதிக்கு மேல் ஓய்வுபெற்ற வாத்தியார் குடும்பங்கள். வேன் பிடித்தது, வசூல் செய்தது, கணக்கு எழுதியது எல்லாம் நான்தான். ஒரு தாளில் ஊர்களை வரிசையாக எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். முதல் நாள் திராட்சைத் தோட்டம், பந்திப்பூர் காட்டுச் சவாரி. மறுநாள் முதுமலை, ஊட்டி.

திராட்சைத் தோட்டம் என்று எழுதினேன் பாருங்கள், அதுதான் முதல் பொய். அது ஒயின் தயாரிக்கும் இடம். பெங்களூரிலிருந்து மைசூர் போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. பணம் கட்டினால் சுற்றிக் காட்டுவார்கள், ஐந்தாறு வகையைச் சுவைக்கவும் கொடுப்பார்கள். என் மருமகன் போய் வந்து சொன்னதிலிருந்து எனக்கு ஆசை. ஆனால் முப்பது வருஷம் ஒவ்வொரு அக்டோபர் 2ஆம் தேதியும் பள்ளி மைதானத்தில் மதுவிலக்குப் பேசிய ஆள் நான். ‘ஒயின்’ என்ற எழுத்து என் கையெழுத்தில் எப்படி வரும்?

உள்ளே போனதும் பெண்களையும் பிள்ளைகளையும் ஜூஸ் குடிக்க உட்கார வைத்துவிட்டு, ஆண்கள் ஏழு பேர் மட்டும் ‘மிஷின் பார்க்க’ப் போனோம். மிஷின் பார்த்ததும் உண்மைதான். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் எஃகுத் தொட்டிகள், ஓக் மரப் பீப்பாய்கள், கிணற்றுக்குள் இறங்கியது போன்ற குளிர்ச்சி. சுற்றிக் காட்டிய பையன் நன்றாகப் படித்தவன். பெங்களூர் நீலத் திராட்சைக்குப் புவிசார் குறியீடு உண்டு என்றான். நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023இல் கிடைத்துவிட்டது என்று நான் பதில் சொன்னேன். வாத்தியார் புத்தி.

பிறகு மேஜை. முதலில் வெள்ளை, அப்புறம் சிவப்பு. கண்ணாடிக் கோப்பையின் தண்டைப் பிடித்துச் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும், சுழற்ற வேண்டும், மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டும், ஒரு மிடறு வாயில் வைத்து உருட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு ஜாடி இருந்தது. துப்புவதற்கு. தினமும் பத்து வகை ருசி பார்க்கிற தொழில்காரர்கள் விழுங்க மாட்டார்களாம், துப்பிவிடுவார்களாம். எங்கள் ஏழு பேரில் ஒருவரும் அந்த ஜாடியைத் தொடவில்லை. நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு ஆல்கஹால் என்று புட்டியிலேயே அச்சடித்திருந்தது. ஐந்து வகை முடிந்ததும் நான் தனியாகக் காசு கொடுத்து இன்னும் இரண்டு கோப்பை வாங்கினேன். எனக்கு அது பிடித்திருந்தது. இதையும் மறைப்பதற்கில்லை. மோந்து பார்த்துவிட்டு “பழ வாசனை தெரியுது” என்று சொல்கிறபோது நான் வேறு யாரோ ஆகிவிட்ட மாதிரி ஒரு பெருமை.

ஓட்டுநர் தம்பி இரண்டு முறை வாசல் வரைக்கும் வந்தான். “சார், சஃபாரிக்கு நேரமாவுது. மைசூரு தாண்டி நஞ்சன்கூடு, குண்டல்பேட்டைன்னு இன்னும் நெறைய தூரம் கெடக்கு.” இரண்டாம் முறை வந்தபோது, “வண்டி ஓட்டுறது மட்டும் உன் வேலை” என்றேன்.

அவன் கல்வராயன் மலைக்காரன், வெள்ளிமலைப் பக்கம். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் கோமுகி அணைக்குப் பின்னால் சுவர் மாதிரி நிற்கிற மலை அது. 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில் இருந்து, கூலியில்லாமல் உழைத்துக் கொடுத்த ஜனங்களின் மலை. சாமை, தினை, கடுக்காய், தேன், குச்சிக்கிழங்கு எல்லாம் அங்கிருந்துதான் இறங்கிவரும். ஆனால் கீழ்நாட்டில் நாங்கள் அந்த மலையை நினைக்கிறபோது சாராயத்தைத்தான் நினைப்போம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் இறந்த பிறகு அந்தப் பேச்சு இன்னும் கெட்டிப்பட்டது. அந்த ஜனங்களைக் கொன்றது மெத்தனால். ஆலைகளில் புழங்குகிற ரசாயனம், முதலில் கண் பார்வையைப் பறித்து அப்புறம் உயிரைப் பறிப்பது. வெல்லமும் பட்டையும் போட்டு ஊறல் வைத்து வடிக்கிற மலைச் சரக்கு வேறு, இது வேறு. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். டீக்கடையில் நானே விளக்கிப் பேசியிருக்கிறேன். தெரிந்திருந்தும்தான் அன்றைக்கு அப்படிச் செய்தேன்.

பந்திப்பூர் போய்ச் சேர்ந்தபோது வனத்துறையின் கடைசிப் பேருந்து கிளம்பிப் போயிருந்தது. 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் சேர்த்த காடுகளில் ஒன்று. இதற்காகத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். என் அக்காவும் அதற்காகத்தான் வந்திருந்தாள். எழுபது வயசு. எங்கள் பக்கத்தில் யானை என்றால் கோயில் யானைதான். “சங்கிலி இல்லாத யானைய ஒரு தடவ பாக்கணும் தம்பி” என்று சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தவள். மூடிய கவுண்டருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: “நம்ம டிரைவருக்கு இந்தப் பக்கம் புதுசு. உருட்டிக்கிட்டே வந்துட்டான்.”

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடி துடைக்கிற துணியை மடித்துக்கொண்டே இருந்தான்.

அந்தக் காட்டுச் சாலையில் இரவு 9 மணிக்கு மேல் வண்டி விட மாட்டார்கள். ராத்திரி தங்குவதற்குக் குண்டல்பேட்டைக்குத் திரும்பினோம். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா, “வண்டிக்குள்ள என்னமோ வாடை அடிக்குதே” என்றார். யாரோ, “மலைக்காரப் பையன்தானே, பகல்லயே போட்டிருப்பான்” என்றார்கள். சிரிப்பு. என்னோடு மேஜையில் நின்ற ஆறு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் சட்டைப் பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டேன். அவனுக்குப் பின்னால் முதல் சீட்டில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். மேல் கண்ணாடியில் அவன் கண் ஒரு தடவை என் கண்ணைத் தொட்டுவிட்டுச் சாலைக்குப் போனது.

ஒரு வார்த்தை போதும். “வாடை என்னுதும்மா” என்று சொல்லியிருந்தால், இரண்டு நாள் கேலி செய்திருப்பார்கள், என் மனைவி ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாள். அவ்வளவுதான் என் நஷ்டம்.

மறுநாள் கக்கநல்லா சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பறித்துக்கொண்டார்கள். ஊட்டிக்கு இ-பாஸ் வேண்டும் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அவன் கிளம்புவதற்கு முன்பே தன் செல்போனில் எடுத்து வைத்திருந்தான். தெப்பக்காட்டு முகாமில் நம்மவர்களுக்கு ஒரே உற்சாகம். ஆஸ்கர் வாங்கிய படத்தில் வருகிற யானை எது, பாகன் யார் என்று தேடித் தேடி விசாரித்தார்கள். பழங்குடிப் பாகன்களை நடுவில் நிற்க வைத்து, தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் மலைப் பழங்குடி தனியாக வேனுக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அவனோடு பேசியவள் என் அக்கா ஒருத்திதான். களி உருண்டைகளை யானை வாயில் ஊட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து, “இதுக்கும் கால்ல சங்கிலி கெடக்கு” என்று அவனிடம் சொன்னாள்.

ஊட்டியில் பனி, கூட்டம், வறுக்கி. வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

ஊர் திரும்பியதும் வேன் உரிமையாளர் கேட்டார், “பையன் எப்படி சார்?” அதுவரை நான் செய்தவற்றை பயம் என்றோ வெட்கம் என்றோ சொல்லித் தப்பிக்கலாம். இதற்கு அப்படிச் சொல்ல முடியாது. நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம். “நல்ல பையன்தான், கொஞ்சம் கவனிச்சுக்குங்க” என்றேன். ‘கவனிச்சுக்குங்க’ என்று ஒரு மலைக்காரனைப் பற்றி, அந்த வருஷம், எங்கள் ஊரில் சொன்னால் கேட்பவர் காதில் என்ன விழும் என்று தெரிந்தேதான் சொன்னேன். சவாரி தவறிப்போன கதை நாளைக்கு அவர் காதுக்கு வந்தால் என் பெயர் அதில் வந்துவிடக் கூடாது. பொங்கலுக்குள் அவனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

இப்போது அவன் மினி லாரியில் மலையிலிருந்து சின்னசேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு ஏற்றி வருகிறான். கச்சிராயபாளையம் டீக்கடையில் போன மாதம் பார்த்தேன். “வணக்கம் சார், அம்மா நல்லாருக்காங்களா?” என்று என் அக்காவை விசாரித்தான். பீடிகூடப் பிடிக்காதவன் என்று அங்கேதான் டீக்கடைக்காரர் சொல்லித் தெரியும். நல்லாயிருக்காங்க என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. டீக்குக் காசு கொடுக்கப் போனேன், அவன் முன்னமே கொடுத்திருந்தான்.

மறுநாள் வேன் உரிமையாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். “பழைய கதை, உடுங்க சார். வேற ஆள் போட்டாச்சு.”

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஓட்டுநருக்கு பேட்டா போக அன்பளிப்பாக ஆளுக்கு நூறு ரூபாய் என்று முதலிலேயே பயணக் கட்டணத்தோடு சேர்த்து வசூலித்திருந்தேன். திரும்பி வரும்போது, “அவனுக்கு எதுக்கு?” என்று பின் சீட்டில் பேச்சு வந்தது. நான் மறுத்துப் பேசவில்லை, யாருக்கும் திருப்பித் தரவும் இல்லை. அந்த 2,400 ரூபாய் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது.