ஒளிரும் மாத்திரை

எங்க பெரக்கரை நாட்டுக்கு மாத்திரை வர்றதுன்னா எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் வரணும். கொல்லிமலை ஏறி வந்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ஆயா கேட்கும்: "இதுல மருந்து இருக்குதா, வெறும் மாவா?" பார்மசி படிக்கப் போனபோது முழுப் பாடமும் அந்தக் கேள்விதான் என்று புரிந்தது.

ஆய்வகத்தில் அதற்கு வழக்கமான பதில் ஹெச்.பி.எல்.சி. நிமிடத்துக்கு ஒரு மில்லி வீதம் கரைப்பானைத் தள்ளினால், எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய அரை லிட்டர் கழிவு. பெரும்பாலும் அதில் அசிட்டோநைட்ரைலோ மெத்தனாலோ இருக்கும். இரண்டும் நஞ்சு. சிங்க்கில் ஊற்றிவிட முடியாது.

இன்னொரு வழி ஒளிர்வு. 1845இல் ஜான் ஹெர்ஷல் குவினைன் கரைசலில் நீல ஒளியைப் பார்த்தார். 1852இல் ஸ்டோக்ஸ் அதை விளக்கி, ஃப்ளோரசென்ஸ் என்று பெயரும் வைத்தார். அதே குவினைனுக்காகத்தான் வெள்ளைக்காரர்கள் நம் நீலகிரியில், நடுவட்டத்தில் சின்கோனா மரம் வளர்த்தார்கள். மூலக்கூறு புறஊதா ஒளியை விழுங்கி, ஆற்றல் சற்றுக் குறைந்த ஒளியாகத் திருப்பித் தருகிறது. கரைசல் நீர்த்ததாக இருந்தால், வெளிச்சம் எவ்வளவோ மருந்தும் அவ்வளவு.

மாத்திரையைப் பொடித்து, கரைத்து, வடிகட்டி, மூன்று நான்கு மில்லி குவார்ட்ஸ் குப்பியில் ஊற்றினால் போதும். ஸ்டார்ச் பெரிதாக ஒளிராது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் ப்ரோப்ரனலால் தானாகவே ஒளிரும். அதற்குப் பல நேரம் தண்ணீரோ எத்தனாலோ போதும்.

ஆனா இதுவும் மந்திரம் இல்லீங்க. எல்லா மருந்தும் ஒளிராது. ஒளிராததை ஒளிர வைக்க நச்சு வினைப்பொருள் சேர்த்துவிட்டு 'பசுமை முறை' என்று சொன்னால் அது வெறும் பெயர்தான். குவினைன் கரைசலில் உப்பு கலந்தாலே வெளிச்சம் மங்கும். சிதைந்துபோன மருந்தும் சில நேரம் நல்ல மருந்து போலவே ஒளிரும்; அதைப் பிரித்துக் காட்ட ஹெச்.பி.எல்.சி.தான் வேண்டும். அதனால் அன்றாடச் சோதனைக்கு ஒளி, சந்தேகம் வந்தால் கரைப்பான் என்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

எங்க மலைத் தண்ணி ஐயாறாகி, ஆகாய கங்கையில் விழுந்து, கீழே யார் யாருக்கோ போகிறது. மேலே இருக்கிறவர் மாத்திரையை நம்பணும். ஆய்வகத்துக்குக் கீழே இருக்கிறவர் தண்ணியை நம்பணும். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.