சீருடைக்குப் பின்

திருகோணமலைத் துறைமுகத்துக்குச் சீருடை புதிதன்று. பிரித்தானியக் கடற்படை தன் மாலுமிகளுக்குப் பொதுச் சீருடை வகுத்தது 1857இல். இத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது 1957இல். மாலுமிகளின் அடியகன்ற காற்சட்டையே 1970களில் ‘பெல்பொட்டம்’ என்னும் பெயரோடு நாகரிகமாயிற்று. ஒரு சாரார் கட்டளைக்கு அணிந்ததை இளைஞர் விருப்பத்துக்கு அணிந்தனர். வெட்டு பழையதே, தெரிந்தெடுக்கும் உரிமை மட்டும் புதியது.

சீருடையின் ஆட்சி பள்ளியிலும் உண்டு. 1993இல் அரசு அதற்குரிய துணியை இலவசமாக வழங்கத் தொடங்கியது. ஏழைப் பெற்றோரின் பெருஞ்சுமை ஒன்று குறைந்தது. ஆயினும் பதின்மூன்று ஆண்டுகள் வெள்ளையிலேயே வளர்ந்த மாணவி, பள்ளியை விட்டதும் தனக்குப் பொருந்தும் நிறம் எதுவென்றே அறியாது திகைக்கிறாள். (ஆண்களுக்கு இத்தொல்லை இல்லை என்பது ஆண்களின் நினைப்பு.) அப்போது அவளுக்கு ஆசான், பெரும்பாலும் அயலில் தைக்கும் அக்காதான். கழுத்து எவ்வளவு இறங்கலாம், கை எதுவரை நீளலாம் என்று தாயோடும் வாதாடி முடிவு காண்பவள் அவள்.

அதே அக்கா ஆடைத் தொழிற்சாலைக்குப் போனால் சம்பளம் மாதந்தோறும் வரும். ஆனால் நாள் முழுதும் கொலர் மட்டுமே பொருத்துவாள். முழுச் சட்டையின் வடிவத்தில் அவளுக்கு ஒரு சொல்லும் இல்லை. வடிவமைப்பைப் பட்டமாகப் பயில எண்ணுபவள் உயர்தரப் பரீட்சையோடு உளச்சார்புப் பரீட்சையும் தேறி மொறட்டுவைக்குச் செல்லவேண்டும். எத்தனை வீடுகள் அவ்வளவு தொலைவுக்கு, அதுவும் ‘தையல்’ படிக்க, மகளை அனுப்பும்?

சான்றிதழ் ஏதுமற்ற அக்காவின் வாசலிலோ, பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரத்தில் துணிப்பொதியோடு நிற்போர் தெருவரை நீள்வர்.