முதுகில் ஓட்டை உள்ளவள்

நேற்றிரவு உட்துறைமுக வீதி வீட்டில் மகளோடு இருந்து ஒரு பழைய இந்தோனேசியப் பேய்ப்படம் பார்த்தேன். 1981இல் வந்த 'சுண்டல்போலோங்', நடிகை சுசன்னா நடித்தது.

பெயரைக் கேட்டதும் மகள் சிரிச்சாள். "என்னப்பா, கடற்கரைச் சுண்டல் கடைக் கதையோ?"

சிரிப்பு கனநேரம் நிக்கேல்ல. சுண்டல்போலோங் எண்டால் வயிற்றுப் பிள்ளையோட செத்துப்போய், புதைகுழிக்குள்ளேயே பிள்ளை பெத்தவளின் ஆவி. வெள்ளை உடுப்பு, நீளக் கூந்தல். அந்தக் கூந்தல் மறைக்கிற முதுகில் பெரிய ஓட்டை. படத்தில் சாத்தே கடையில் 200 குச்சி இறைச்சி கேட்டுத் தின்னுவாள்.

அவளின் இனத்துக்காரி குந்திலானாக். பிள்ளைப்பேற்றில் செத்தவள். பிடரியில் ஆணி அடிச்சால் பேய் அடங்கிப் பெண்ணாகிவிடுவாளாம்.

ஆணி எண்டதும் அம்மம்மா ஞாபகம் வந்தா. பேய் பிடிச்சவளின் தலைமயிரைப் புளியமரத்தில் வைச்சு ஆணி அடிச்ச கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பா! இந்தோனேசியாவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பெருங்கடல். பயம் மட்டும் ஒண்டு.

ஆனால் எங்கட ஆக்கள் இன்னொண்டும் செய்தவை. கர்ப்பத்தோட செத்தவளின் பேரில் தெருவோரம் சுமைதாங்கிக் கல் வைச்சவை. தலைச்சுமையோட வாறவன் அதில் இறக்கி வைச்சு இளைப்பாறினால், அவளின் வயிற்றுச் சுமையும் இறங்குமாம்.

இதைச் சொல்ல, மகள் கேட்டாள்: "அப்ப படத்தில வந்த அந்த அக்காவுக்கும் ஆராவது ஒரு கல்லு வைச்சிருந்தால், பேயா வந்திருக்க மாட்டாதானே?"

பதில் சொல்லத் தெரியேல்ல. லைட்டை நிப்பாட்டாமலே படுத்தோம்.