மேட்டுப் பாதையும் முட்டுக்கட்டையும்

நம்மவர் பேச்சில் 'முட்டுக்கட்டை' என்னும் சொல் நற்பெயர் பெற்றதன்று. ஒரு நற்காரியம் நடவாமற் போனால், "இன்னார் முட்டுக்கட்டை போட்டார்" என்கின்றோம். தேர்ச்சக்கரத்தின் கீழிட்டுத் தேரை நிறுத்தவும் திருப்பவும் பயன்படும் மரக்கட்டைக்கு உரிய பெயர் அது. சமதரையில் அஃது ஓட்டத்தைத் தடுப்பதாகலாம். மலைச்சரிவிலோ அதன் குணம் மாறிவிடுகின்றது. அங்கே அது தடையன்று. ஏறியதை இழவாமற் காக்கும் காவல். இவ்வுண்மையை நாம் ஏட்டிற் கற்றோமல்லோம். சுங்கை சோவின் சாலையோரத்திற் பாரவண்டிகளைப் பார்த்துப் பார்த்தே கற்றோம்.

சுங்கை சோ, ரவாங்குக்கும் செரண்டாவுக்கும் இடையே, முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் அமைந்த ஊர். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள், ரவாங் ஆலையின் சிமெண்டு வண்டிகள், நம் ஊர்த் தொழிற்சாலையிற் செய்த கார்களைச் சுமந்து செல்லும் நீண்ட டிரெய்லர்கள் ஆகிய யாவும் நம் கண்ணெதிரே போகின்றன. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நிற்கின்றது. இப்பக்கத்தில் ஏற்றமும் இறக்கமும் புதியவையல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குவாலா குபுவிலிருந்து ஏறத்தாழ 2,700 அடி உயரமுள்ள மலைக்கணவாயைக் கடந்து பகாங்கின் குவாலா லிப்பிசுக்குச் சாலை போட்டபோது, அதிற் சரக்குகளை இழுத்துச் சென்றவை மாட்டு வண்டிகளே. ஏற்றத்தில் மாடு களைத்து நிற்குமிடத்தில் சக்கரத்தின் பின்னே கல்லை வைத்து, மாட்டுக்கு மூச்சு வாங்க இடங்கொடுத்து, மீண்டும் ஓட்டுவது வண்டிக்காரர் அறிந்த முறை. எஞ்சின் வந்த பின்னும் அம்முறை பொய்யாகவில்லை.

பாரவண்டி மேட்டில் நின்றுவிட்டால் அதனை மறுபடியும் கிளப்புவது ஏன் கடினம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தடி தூரத்துக்கு ஓரடி உயரும் பாதையில் 40 டன் வண்டி நிற்கின்றதென்க. அது பின்னே உருளாமல் இருப்பதற்கே ஏறத்தாழ 4 டன் இழுவிசை வேண்டும். முன்னே நகர அதற்கும் மேல் வேண்டும். எஞ்சினுக்கு அவ்வளவு வலு இருந்தாற் போதாது. எஞ்சின் சுழற்றும் சக்கரங்கள் தரையைப் பற்ற வேண்டும். அச்சக்கரங்களின் மேல் 16 டன் பாரம் அழுந்துகின்றதெனின், காய்ந்த தார்ச்சாலையில் 10 டன்னுக்கு மேலும் பிடிமானம் கிடைக்கும். மழை பெய்த தோட்டத்து மண்பாதையிலோ ஐந்தில் ஒரு பங்கு கிடைப்பதே அரிது. அஃதாவது 3 டன் சொச்சம். நான்கு வேண்டுமிடத்தில் மூன்று எப்படிப் போதும்? சக்கரம் சுழலும், சகதி தெறிக்கும், வண்டி நகராது. பொறுமையிழந்த டிரைவர் எண்ணெயை மேலும் மிதித்தால், சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும்.

ஆகவே தேர்ந்த டிரைவர் மேட்டின் அடியிலேயே பாதையை அளந்து, ஏற வேண்டிய கியரைப் போட்டுக்கொள்வார். நடுவில் நிற்க நேர்ந்தால், கைப்பிரேக்கைப் பிடித்தபடி, மிகக் கீழான கியரிற் கிளட்சை மெல்ல விடுவார். எஞ்சினின் ஓசை தாழ்ந்து, வண்டி முன்னே இழுபடத் துடிப்பதை உணர்ந்த பின்னரே பிரேக்கைத் தளர்த்துவார். இதற்குள் 'கெலிந்தான்' என்று மலாய் மொழியிற் கூறப்படும் உதவியாளன் இறங்கிச் சக்கரத்தின் பின்னே கட்டையை வைத்திருப்பான். ஓரடி ஏறினால் ஓரடி லாபம். பாரத்தை ஏற்றுவதிலும் அறிவு வேண்டும். டிரெய்லரின் பின்புறமாகக் குவித்துவிட்டால், இழுக்கும் சக்கரத்தின் மேல் அழுத்தங் குறைந்து பிடி நழுவும். டிராக்டரில் இழுவைச் சங்கிலியைப் பின்னச்சுக்கு மேலாகக் கட்டினால், முன்சக்கரம் தூக்கி, டிராக்டர் ஓட்டுபவர் மேலேயே கவிழும்.

நிற்க. ஏறுவதினும் இறங்குவது பொல்லாதது. அந்த 40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது பிறக்கும் வெப்பம், 130 லிட்டர் குளிர்நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அவ்வளவையும் பிரேக்கே தாங்க வேண்டுமென்றால் அது காய்ந்து பிடி தளரும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மூத்த டிரைவர்கள் சொல்வதன் காரணம் இதுவே. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். 2013 ஆகஸ்டு 21 அன்று கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 37 உயிர்கள் போயின. 2025 மே 13 அன்று தெலுக் இந்தான் அருகே கல்லேற்றி வந்த லோரி மோதிக் கலகத் தடுப்புப் போலீசார் ஒன்பது பேர் மாண்டனர். அவ்வண்டி அனுமதித்த அளவுக்கு மேல் பாரம் ஏற்றியிருந்ததும், அதன் திருப்புக் கருவி பழுதுற்றிருந்ததும் விசாரணையில் வெளிவந்தன.

மயிலிறகேயாயினும் அளவுக்கு மிஞ்சினால் வண்டி தாங்காது என்பதைத் திருவள்ளுவர் அன்றே உணர்த்தினார். எனினும் பாரம் ஏன் மிஞ்சுகின்றது? 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் குவாலா சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனையை நட்டார். கித்தா மரங்கள் நின்ற மேடுகளெல்லாம் பின்னாளிற் செம்பனை மேடுகளாயின. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலை சேராவிடில் எண்ணெயின் தரம் கெடும். டிரைவருக்கோ பல இடங்களில் நடைக்கு இவ்வளவு என்றே கூலி. அவசரம் ஒருபுறம், வயிறு மறுபுறம். இரண்டு நடைச் சரக்கை ஒரே நடையில் ஏற்றச் சொல்பவர் குளிர்ந்த அறையில் அமர்ந்திருக்கின்றார். மேட்டில் நிற்பவர் நம் சகோதரர். விபத்து நேர்ந்தால் முதலிற் பழி ஏற்பவரும் அவரே. அளவுக்கு மிஞ்சிய பாரத்தை ஏற்ற மறுப்பது டிரைவரின் திமிரன்று, உரிமை என்பதை நம் மக்கள் உணர வேண்டும்.

வேறொன்றும் சொல்ல வேண்டும். புது வண்டி வாங்கினால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகின்றோம். பழத்துக்குச் செலவிடும் சிரத்தையிற் பாதியேனும் கட்டைக்கும் பிரேக்குக்கும் உண்டா? சரிவில் வண்டியைத் தாங்குவது பழமன்று, கட்டை.

நம் சமூகமும் மேட்டுப் பாதையில் ஏறும் பாரவண்டியே. 1950களின் பிற்பகுதியிற் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, ஏறிய சிறு தூரத்தையும் இழந்து தொழிலாளர் பின்னே உருண்டனர். அவ்வேளையில், 1960இல், வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்த பணத்தைக் கொண்டே கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அந்தப் பத்து வெள்ளி, சக்கரத்தின் பின்னே வைத்த கட்டை.

வேகமாக ஏறுவோம் என்று முழங்குவோர் நம்மிடையே பலர். ஏறிய அளவில் நிற்க வகை செய்வோர் சிலரே. பிள்ளையின் படிப்பு இடையில் நில்லாதிருத்தல், சங்கச் சந்தா தவறாதிருத்தல், சேமிப்புப் புத்தகம் வெறுமையாகாதிருத்தல் ஆகியவை முழக்கத்துக்குரிய செயல்களல்ல. ஆயினும் எஞ்சின் மூச்சு வாங்கும்போது வண்டியைத் தாங்குபவை அவையே. இச்சிறு கட்டைகளைத் தோட்டத்தாரும் பட்டணத்தாரும் கைவிடாதிருப்பாராக.